வம்சாவளித் தேடல்: நினைவிலிருந்து பதிவேடு வரை

தமிழ்க் குடும்பங்கள் முன்னோர் பெயர்களை வரிசை தவறாமல் காத்துவந்த பழைய இடம் நீத்தார் கடன். தர்ப்பணம் கொடுப்பவர் தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லித்தான் எள்ளும் நீரும் இறைக்கிறார். அவர்களுடைய மனைவியர் பெயர்களும், தாய்வழி மூவர் பெயர்களும் அதே ஒழுங்கில் தொடரும். புரோகிதர் கேட்கும்போது பெயர் தெரியாமல் நிற்கக் கூடாது என்பதற்காகவே பல வீடுகளில் இந்தப் பட்டியலைப் பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் எழுதிவைத்திருப்பார்கள். தர்ப்பண வழக்கம் இல்லாத குடும்பங்களில் குலதெய்வக் கோயில் இந்த வேலையைச் செய்தது. சிவராத்திரிக்கோ ஆடிக் கொடைக்கோ கூடும் பங்காளிகளிடம் தலைக்கட்டு வரி வாங்குவதற்கு, திருமணமான ஆண்களைக் கணக்கெடுத்து ஒரு நோட்டில் எழுதுவார்கள். ஊரைவிட்டுப் போனவர், மகன் தனிக்குடித்தனம் வைத்தவர், வாரிசில்லாமல் இறந்தவர் என்ற மாற்றங்கள் அந்த நோட்டில் ஆண்டுதோறும் ஏறும். குடும்ப வரலாற்றைத் தேடுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அரிது.

இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. சடங்கு மூன்று தலைமுறையோடு நிற்கிறது. புதிதாக ஒருவர் இறந்து பட்டியலில் சேரும்போது பழையவர் ஒருவர் வெளியேறுகிறார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. கந்தசாமி மகன் இராமசாமி, இராமசாமி மகன் கந்தசாமி என்று இரண்டே பெயர்கள் நூறு ஆண்டுக்கு மாறிமாறி வரும்போது, நால்வர் இருவராகச் சுருங்கிவிடுகிறார்கள். நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போனதே வீட்டாருக்குத் தெரிவதில்லை. முதல் முயற்சியில் பாதியில் நின்றுபோன தேடல்களில் பல இந்த இடத்தில்தான் நின்றிருக்கின்றன. பெயரை மட்டும் நம்பிக் கிளை வரைந்தவர்கள், எந்தக் கந்தசாமி எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டார் என்று பிரித்தறிய முடியாமல் கைவிட்டிருக்கிறார்கள்.

எழுத்தில் இருப்பவற்றுள் வீட்டுக்கு மிக நெருக்கமானவை ஜாதகமும் கணக்கு நோட்டும். ஓலையிலோ தாளிலோ எழுதப்பட்ட ஜாதகத்தில் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவை சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். ஒரு பிறந்த நாளுக்கு இத்தனை குறிப்புகள் ஒன்றையொன்று சரிபார்ப்பது உலகின் பல பகுதிகளில் கிடைக்காத வசதி. ஆண்டு அறுபது ஆண்டுச் சுழற்சியில் மட்டும் சொல்லப்பட்டிருந்தால் சிக்கல் வரும். பிலவ ஆண்டு என்றால் 1841, 1901, 1961 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்தால் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இந்தக் கணக்கை வரலாற்று ஆய்வுக்கு உரிய கருவியாக ஆக்கித் தந்தவர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. 1911இல் இந்தியக் காலக்கணிப்பு பற்றிய நூலையும், 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான பஞ்சாங்க அட்டவணைகளையும் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கல்வெட்டுக் காலத்தை உறுதிசெய்ய எழுதப்பட்ட அந்த நூல்கள் குடும்ப ஏடுகளுக்கும் அதே அளவு பயன்படுகின்றன.

ஆவணம் வைப்பதைச் சமூகக் கடமையாகவே ஏற்றுக்கொண்டவர்களுள் நகரத்தார் முதல் வரிசையில் இருப்பவர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்ததாகவே ஒவ்வொரு குடும்பமும் அமைகிறது. திருமணமானதும் தம்பதி கோயிலில் ஒரு புள்ளியாகப் பதியப்படுகின்றனர். திருமணத்துக்குக் கோயில் மாலை வருவதும் அந்தப் பதிவை ஒட்டித்தான். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் பெண் எடுக்கக் கூடாது. மாத்தூர் போன்ற பெரிய கோயில்களில் உட்பிரிவு பார்க்கப்படும். ஆகவே யார் எந்தக் கோயில் என்பது தவறில்லாமல் தெரிந்தாக வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்து பல ஆண்டு வெளியே இருந்தவர்களின் குடும்பத் தொடர்ச்சியைக்கூட இன்று அறிய முடிவது, மண உறவுக்காக வைக்கப்பட்ட இந்தக் கணக்கால்தான்.

பாளையக்காரர், ஜமீன்தார் வீடுகளின் வம்சாவளிகளை வேறு விதமாகப் படிக்க வேண்டும். நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி 1821இல் இறக்கும்வரை தென்னிந்தியாவெங்கும் திரட்டிய சுவடிகளில் இத்தகைய வம்சாவளிகளும், கைபீதுகள் எனப்படும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளும் ஏராளம். காவலி போரய்யா, காவலி வேங்கட லட்சுமய்யா முதலிய உதவியாளர்களே ஊர் ஊராகச் சென்று அவற்றைச் சேகரித்தவர்கள். அவற்றில் ஒரு பெரும் பகுதி சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. இந்த வம்சாவளிகளில் முதல் முன்னோன் ஓர் அரசனுக்கு வீரச்செயல் புரிந்து காட்டுவார். அரசன் பட்டமும் விருதும் நிலமும் கொடுப்பார். அதன்பின் பட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்கள் ஆட்சி ஆண்டுகளோடு வரிசையாக வரும். கிழக்கிந்தியக் கம்பெனி பாளையங்களை அடக்கி, யாருக்கு எந்த உரிமை நிலைக்கும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்த காலத்தில் இவற்றுள் பல எழுதப்பட்டன. உரிமை கோரும் ஆவணத்தில் உரிமைக்கு உதவாதவர்களுக்கு இடமில்லை. பட்டத்துக்கு வராத தம்பிகள், வாரிசில்லாத மனைவியர், மகள்கள் ஆகியோர் பெரும்பாலும் விடுபட்டுப் போயினர். அதனால் அவை பொய் என்று ஆகிவிடாது. எழுதியவர் எதை நிலைநாட்ட விரும்பினாரோ அதற்கு அவை நேரடிச் சான்று. முன்னோர் பட்டியலுக்கு, வேறொன்றோடு ஒப்பிட்டால்தான் சான்று.

பதிவு வைக்கும் வேலை குடும்பத்தின் கையிலிருந்து அலுவலகத்தின் கைக்கு மாறியது ஐரோப்பியர் வருகைக்குப் பிறகு. முதலில் வந்தவை தேவாலயப் பதிவேடுகள். சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. அதன் பதிவேடுகள் முக்கியமாக ஆங்கிலேயருடையவை. தமிழ்க் குடும்பங்களுக்கு அதைவிட முக்கியமானது தரங்கம்பாடி. 1706இல் லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு அங்கு இறங்கினார்; அடுத்த ஆண்டே ஞானஸ்நானங்கள் தொடங்கின. கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஏடுகள் இருந்தன. ஒருவரின் பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர் ஆகியவை ஒரே வரியில் கிடைப்பதால், ஒரு கிறித்தவக் குடும்பம் ஐந்தாறு தலைமுறை பின்னோக்கிச் செல்வது மற்றவர்களைவிட எளிது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு முறையாக நடந்தது. 1881 செப்டம்பரில் வந்த ஆணை, தம் சமயவழிச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்போருக்கு நிலையான குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ளச் சொன்னது. ஒரு தமிழ்க் குடும்பத்தில் அந்த ஆண்டை ஒட்டித் திடீரென்று குடும்பப் பெயர் தோன்றினால் காரணத்தை இங்கே தேடலாம்.

ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் பிறப்பு இறப்புப் பதிவு தாமதமாகவே வேரூன்றியது. சென்னை மாகாணச் சட்டம் 1899இல் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1969இல்தான். பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெயர் சூட்டுமுன்னே பதிவு நடந்துவிடும் என்பதால் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற குறிப்போடு பெற்றோர் பெயர் மட்டும் இருக்கும். பள்ளிச் சான்றிதழ்த் தேதியை நம்ப முடியாது. ஐந்து வயது நிரம்பியதாகக் காட்ட ஆசிரியரே மே, ஜூன் மாதங்களில் ஒரு தேதியைப் போட்டு எழுதியது ஊரறிந்த வழக்கம். எனவே சாதாரண உழவர் குடும்பத்துக்கு முதன்மைச் சான்று நிலம்தான். இரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு பட்டாதாரரோடும் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொண்டது. அதனால் ஐந்து ஏக்கர் புஞ்சைக்காரரின் பெயரும் அரசு ஏட்டில் ஏறியது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் மானிய நிலங்களை ஆராய்ந்தபோது, முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்று கேட்டுப் பதிவு செய்தது. கோயில் பணியாளர், ஊர்த் தச்சர், கொல்லர், வைத்தியர் போன்றோரின் குடும்பங்களுக்கு அந்த இனாம் பதிவேடுகள் எதிர்பாராத புதையல். சர்வே, செட்டில்மெண்ட் பதிவேடுகளோடு அவையும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்வைக்குக் கிடைக்கின்றன.

கிராமக் கணக்குகள் தலைமுறை தலைமுறையாகக் கர்ணம் வீட்டிலேயே இருந்தன. 1980இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கணக்குகள் புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர்களின் பொறுப்புக்கு மாறின. அடங்கல், சிட்டா முதலிய கணக்குகள் பசலி என்ற வருவாய் ஆண்டில் எழுதப்பட்டவை. ஜூலையில் தொடங்கும் பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1311 என்பது 1901 ஜூலை முதல் 1902 ஜூன் வரை. திருநெல்வேலிச் சீமையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் கொல்லம் ஆண்டு வழங்கியது. அதற்கு, ஆண்டின் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை 824உம், ஜனவரி முதல் 825உம் கூட்ட வேண்டும். ஆவணத்தில் உள்ள தேதியை அப்படியே எழுதி, மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாகக் குறிப்பதே பாதுகாப்பு. மாற்றியதை மட்டும் எழுதிவைத்தால், கணக்கில் ஓராண்டு பிசகியிருந்தாலும் பின்னால் கண்டுபிடிக்க வழியில்லை.

பத்திரப் பதிவு 1864 சட்டத்தோடு தொடங்கியது. கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை எதுவானாலும் இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் என்றுதான் பத்திரம் தொடங்கும். இவற்றில் பாகப்பிரிவினைப் பத்திரம் மிகச் சிறந்தது. பொதுப் பாட்டனார் யார், அவருக்கு எத்தனை மக்கள், யார் எப்போது இறந்தார், யாருடைய பங்கு யாருக்கு என்று ஒரு முழு வம்சாவளியையே அது சொல்லிவிடும். ஆனால் பழைய பத்திரங்களில் மகள்கள் இல்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதற்குமுன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை தந்தது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த மண வரம்பை நீக்கியது. அதற்குப் பிறகே பாகப்பிரிவினையில் பெண்கள் பெயர்கள் வரிசையாக ஏறின. அதற்கு முற்பட்ட பெண்களைத் தேட வேண்டுமானால் மொய் நோட்டு, சீர்வரிசைக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, தாய்மாமன் வீட்டு நினைவு ஆகியவற்றிடம்தான் போக வேண்டும். ஆண்வழிப் பட்டியலை நிரப்பிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவது குடும்பத்தின் பாதியைத் தொலைப்பது.

கடல் கடந்து போனவர்களின் ஆவணங்கள் இன்னொரு வகை. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களில் பெரும்பான்மையினர். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடல் அடையாளம் என்று கப்பல் பதிவேட்டில் எழுதினார்கள். திருமணம், பிள்ளைப்பேறு, வேலை மாற்றம், இறப்பு என்று பின்னால் வந்த காகிதங்களிலும் அந்த எண் தொடர்ந்தது. மனிதரை எண்ணாக்கிய அந்த ஏற்பாட்டின் கொடுமையை மறுப்பதற்கில்லை. இருந்தும், தம் மூதாதையின் ஊரைக் கேட்டுத் தமிழகத்துக்கு வரும் தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு இன்று கையில் இருக்கும் உறுதியான பிடி அந்த எண்தான். ஆயிரம் முனுசாமிகளுக்கு நடுவில் ஒரு முனுசாமியைக் காட்டுவது அது ஒன்றே.

பெயர்களைக் கேட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதிய குமாஸ்தாக்களால் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். முதலியார் ‘மூட்லி’ ஆனார். சிலருக்குச் சாதிப் பட்டமே குடும்பப் பெயராக நிலைத்தது. சிலருக்குத் தந்தை பெயர் நிலைத்தது. உடன்பிறந்தவர்கள் இருவர் இரண்டு குடும்பப் பெயர்களோடு இரண்டு குடும்பங்களாகப் பிரிந்ததும் உண்டு. ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுபவர் பாதிப் பதிவைத் தவறவிடுவார். ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல். அதற்கு மேலாக மாவட்ட எல்லைகளும் மாறியிருக்கின்றன. கப்பல் பதிவேட்டில் வட ஆர்க்காடு என்று இருந்தால் அந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் அதிலிருந்து பிரிந்தது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து இராமநாதபுரம் மாவட்டம் உருவானது. மதுரை என்று எழுதப்பட்டதை இன்றைய மதுரையில் மட்டும் தேடினால் அகப்படாது. ஊரை எழுதும்போது எந்த ஆண்டின் ஊர், அன்றைக்கு எந்தத் தாலுகா என்பதையும் சேர்த்து எழுதுவது இதனால்தான் தேவைப்படுகிறது.

மொரீசியசின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்களும் அவற்றில் உண்டு. எழுத்தறியாத ஒரு தொழிலாளியின் முகத்தை நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு அவருடைய வழித்தோன்றல் பார்க்க முடிவது அங்கேதான். 2015இல் யுனெஸ்கோ அந்தத் தொகுதியை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை சென்ற சுமார் 61,000 பேரில் தென்னிந்தியர் 1903 முதல் சென்னை வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்பட்ட குடியேற்றச் சீட்டு இருக்கிறது.

இலங்கை மலையகத்துக்குச் சென்றவர்களுக்கு இத்தகைய கப்பல் பட்டியல் இல்லை. கங்காணி ஊரிலிருந்து ஆளெடுத்தார். கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது. மண்டபம் முகாமைக் கடந்து தோட்டத்துக்குப் போனவர் தோட்டத்துச் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில் பெயராக ஏறினார். அந்தச் சிதறிய காகிதங்களுக்கு 1948இல் திடீரென்று உயிர்போகும் முக்கியத்துவம் வந்தது. அவ்வாண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளியால் குடிமகன் ஆவதற்குத் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டங்களில் மூன்று தலைமுறைக்குச் சான்று எங்கே இருக்கும்? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின; குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தாயகம் திரும்பியோர் மண்டபத்தில் பெற்ற குடும்ப அட்டை இன்று நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பல வீடுகளில் பெட்டியின் அடியில் இருக்கிறது. குடும்ப வரலாறு என்பது ஓய்வுநேர ஆர்வமாக அல்லாமல், எந்த நாட்டில் வாழலாம் என்பதைத் தீர்மானித்த வழக்காக மாறிய மக்கள் இவர்கள். அந்த அட்டைகளும் விண்ணப்ப நகல்களும் செல்லரிப்பதற்கு முன் படியெடுக்கப்பட வேண்டும். இனி அப்படி ஒரு தொகுதி உருவாகப்போவதில்லை.

சடங்குக்கு, வரிக்கு, பங்குக்கு, கூலிக்கு, குடியுரிமைக்கு என்று ஒவ்வொரு ஆவணமும் வேறொரு தேவைக்காக எழுதப்பட்டது. ஒரு குடும்பத்தின் கதை இத்தனை அலுவலகங்களின் ஒழுங்கில் சிதறிக் கிடக்கிறது என்பதே, ஒழுங்கில்லாமல் சேர்த்த குறிப்புகள் விரைவில் பயனற்றுப்போவதற்குக் காரணம். இந்தச் சிக்கல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புகழ்பெற்ற மூதாதையரோடு வாடிக்கையாளரை இணைத்துப் போலி வம்சாவளி விற்றவர்கள் இருந்தார்கள். குஸ்தாவ் அஞ்சூ அவர்களில் பேர்போனவர். இதற்கு எதிராக, ஒவ்வொரு கூற்றுக்கும் மூல ஆவணம் காட்ட வேண்டும் என்ற ஒழுக்கத்தை 1922 முதல் தம் இதழின் வழியாக வலியுறுத்தியவர் டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ். 2015இல் அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் தாமஸ் மெக்கென்டீ முன்வைத்த முறை அதன் தொடர்ச்சி எனலாம். பல ஆண்டு சேர்த்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, தம்மிடமிருந்தே மீண்டும் தொடங்கி, ஒவ்வொரு தகவலையும் சான்றோடு மட்டுமே திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது அது.

ஒதுக்கிவைப்பது என்றால் எறிவது இல்லை. பழைய குறிப்புகள் அனைத்தும் ஒரு பெட்டியில் இருக்கட்டும்; அவை சரிபார்க்கப்படாதவை என்ற அடையாளத்தோடு இருக்கட்டும். புதிய ஏட்டில் முதலில் உயிரோடிருப்பவர், பிறகு அவர் பெற்றோர், பிறகு அவர்களின் பெற்றோர் என்று ஒவ்வொரு படியாகவே பின்னோக்கிச் செல்ல வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இந்த முதல் படிக்குத் தோதானது. மனைவி, மகன், மகள் எல்லோரும் உறவுமுறையோடு அதில் இருப்பார்கள். அங்கிருந்து பாகப்பிரிவினை, அதிலிருந்து பட்டா, அதிலிருந்து செட்டில்மெண்ட் பதிவேடு என்று ஓர் ஆவணம் அடுத்ததைக் காட்டும். பாளையக்காரர் வம்சாவளியைப்போல மேலே ஒரு வீரனை நிறுத்திக் கீழே இறங்கிவரும் வழி, நடுவில் ஓரிடத்தில் ஊகத்தால்தான் இணையும்.

ஆளைப் பெயரால் அடையாளம் காட்ட முடியாத சமூகத்தில் எண்ணே கைகொடுக்கும். 1590இல் மிகாயேல் அய்ட்சிங்கர் பயன்படுத்திய ஒரு முறையை 1676இல் ஸ்பானியத் துறவி ஹெரோனிமோ தெ சோசா கையாண்டார். 1898இல் அதைப் பரப்பியவர் ஷ்டெஃபான் கெகுலே ஃபான் ஷ்ட்ராடோனிட்ஸ். பென்சீன் வளையத்தின் கட்டமைப்பை விளக்கிய வேதியியலாளர் கெகுலேயின் மகன் அவர். தேடுபவர் எண் 1. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய். தந்தை 2, தாய் 3, தந்தையின் பெற்றோர் 4, 5, தாயின் பெற்றோர் 6, 7. குடும்பப் பெயரே தேவைப்படாத இந்த முறை தமிழருக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஒவ்வொரு தாய்க்கும் ஒரு எண் கட்டாயமாகக் கிடைப்பதால், வெற்றாக நிற்கும் ஒற்றைப்படை எண்கள் எந்தப் பெண்ணின் பெயர் இன்னும் தேடப்படவில்லை என்பதையும் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஐரோப்பாவில் அரிதாகவும் தமிழகத்தில் அடிக்கடியும் நேர்வது ஒன்று உண்டு: ஒருவரே இரண்டு எண்ணில் வருவது. அக்காள் மகளை மணந்தவரின் பிள்ளைக்குத் தந்தை 2, தாய் 3, தாயின் தாய் 7. அந்த 7 தந்தையின் அக்காள் என்பதால், அவளுடைய பெற்றோரான 14, 15 என்ற இருவரும் தந்தையின் பெற்றோரான 4, 5 தாம். அத்தை மகளை மணந்த வீட்டில் தந்தையின் தந்தையான 4இன் பெற்றோர் 8, 9. தாயின் தாயான 7இன் பெற்றோர் 14, 15. இந்த இரண்டு இணையும் ஒன்றே. இப்படி வருவதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாமல், இரண்டு எண்ணையும் ஒரே ஆளின் தாளில் குறித்துவைக்க வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களின் நூற்றாண்டு உறவு இந்த இரட்டை எண்களில்தான் தெரியும்.

எண்ணுக்கு அடுத்தது தேடல் குறிப்பேடு. எந்த நாளில், எந்த அலுவலகத்தில், எந்தத் தொகுதியின் எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எந்தெந்த எழுத்துக்கூட்டலில் பார்க்கப்பட்டது என்று அதில் எழுதப்படும். ஒன்றும் கிடைக்காத தேடலும் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் சில ஆண்டு கழித்து அதே பதிவேட்டை அதே நோக்கத்தில் மீண்டும் புரட்ட நேரும். ஆவணத்தைப் படியெடுக்கும்போது வேண்டிய வரியை மட்டும் எடுக்காமல் பக்கம் முழுவதையும், அட்டையையும் எடுப்பது நல்லது. பக்கத்து நிலத்துக்காரர், சாட்சிக் கையெழுத்திட்டவர், அதே கப்பலில் அதே ஊரிலிருந்து ஏறியவர் பெரும்பாலும் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருப்பார். அது முதல் பார்வையில் தெரியாது.

வயதானவர்களிடம் கேட்டறிவதற்கும் இதே ஒழுங்கு பொருந்தும். அவர்கள் ஆண்டைச் சொல்லமாட்டார்கள்; தாது வருஷப் பஞ்சத்தில் பாட்டி ஊரைவிட்டு வந்தாள் என்பார்கள். தாது ஆண்டு 1876–77. பெரும்பஞ்சம் 1878 வரை நீண்டது. ஜப்பான்காரன் பர்மாவில் குண்டு போட்டபோது நடந்தே வந்தார்கள் என்றால் 1942. சொன்ன சொல்லை அப்படியே பதிந்து, அதிலிருந்து பெறப்பட்ட ஆண்டை வேறாகக் குறித்தால், பிறகு வேறொரு சான்று கிடைக்கும்போது எது நினைவு, எது கணிப்பு என்று பிரித்தறியலாம். ஒரே நிகழ்ச்சியை இருவர் வேறுவேறாகச் சொன்னால் இரண்டும் ஏட்டில் இருக்க வேண்டும். மூத்தவர் சொன்னார் என்பதற்காக மற்றதை விலக்கக் கூடாது. தத்து எடுப்பு, இரண்டாம் தாரம், கலப்பு மணம், சாதிப் பட்டத்தை மாற்றிக்கொண்டது போன்றவை குடும்பங்களில் மறைத்துப் பேசப்படுபவை. உயிரோடிருப்பவரைப் பற்றிய இத்தகைய தகவல் தனி ஏட்டில் இருப்பதே முறை. பங்காளிகளுக்குக் கொடுக்கும் படியில் அது இடம்பெற அவர் இசைவு வேண்டும்.

ஓலைகளைப் பொறுத்தவரை, ஈரமும் பூச்சியும் படாத இடத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே கட்டிவைப்பதும், வீட்டில் நூலறுந்து கலைந்துபோன ஓலையை ஏடெண் பார்த்து அடுக்குவதும் போதும். எழுத்து தெரிவதற்காக மை பூசும் வேலையைப் பழகியவரிடம் விட்டுவிட வேண்டும். படமெடுத்த கோப்புகளுக்கு ஆண்டு, ஊர், ஆவண வகை, ஆள் எண் என்ற வரிசையில் பெயரிட்டால் எந்தக் கணினியிலும் தானாகவே காலவரிசையில் நிற்கும். ஒரு படி தேடுபவரிடமும், ஒரு படி வேறு ஊரில் வாழும் உறவினரிடமும், குலதெய்வக் கோயில் நோட்டு இன்னும் நடப்பில் இருக்கும் ஊராக இருந்தால் அந்த நோட்டை எழுதுபவரிடம் ஒரு படியும் இருக்கலாம்.